காற்றைப் பிடிக்கும் கலம்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் இளைஞர் ஒருவரை அவ்வூர் நண்பர் எனக்கு அறிமுகம் செய்து வைத்தார். காற்றுப் பரிசோதனை என்றால் ஏதோ ஒரு யந்திரத்தை நிறுத்திவிட்டு அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் அவரோடு உப்பனாற்றங்கரை ஊர்களில் அலைந்தபோது, எந்த நச்சுக்கு எந்தக் கலம் என்று தீர்மானிப்பதிலேயே அந்த வித்தையின் உயிர் இருக்கிறது என்பது எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கிற்று.

அவர் அந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் ஒன்றில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். இரவில் துர்நாற்றம் எழும்போதெல்லாம் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகிவிட்டுக் குழந்தைகளைப் பின்கட்டுக்கு அழைத்துச் செல்வது அவருடைய தாயாரின் வழக்கமாம். 2004-இல் அவர் பள்ளிச் சிறுவர். அப்போதுதான் அந்த ஊர்களின் ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு தம் ஊர்க் காற்றைத் தாமே பிடித்தார்கள். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக 1990-களில் உருவான சாதனம் அது. மூடிய வாளிக்குள் டெட்லார் என்னும் பிளாஸ்டிக் படலத்தால் ஆன பை ஒன்று தொங்கும். அதன் வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறு பம்பினால் வாளிக்குள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற, ஊர்க்காற்று தானாகவே பைக்குள் புகுந்து நிரம்பும். அப்படி நிரம்பிய பைகள் கடல் கடந்து சென்று சோதிக்கப்பட்டதில் 22 நச்சு இரசாயனங்கள் தென்பட்டன. அவற்றுள் 8 புற்றுநோய் விளைவிப்பவை.

"அந்த வாளியைப் பாத்துதான் கெமிஸ்ட்ரி எடுத்தேன் ஐயா" என்றார் அவர்.

பைக்கு ஆயுள் குறைவு. பிடித்த காற்றை இரண்டு மூன்று நாட்களுக்குள் சோதித்துவிட வேண்டும். வெயிலும் அதன்மேல் படலாகாது. வெற்றிடமாக்கி அனுப்பப்படும் எஃகுக் கலமோ, வால்வைத் திறந்ததும் பம்பின் உதவியின்றித் தானே காற்றை இழுத்துக்கொள்ளும்; கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தினால் ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்ல நிரம்பும்; பென்சீன் போன்ற ஆவிகளை ஒரு மாதம்வரைகூடக் காப்பாற்றும். ஆயினும் அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தக வாயுக்களை அதே எஃகின் வெற்றுச் சுவர் உட்கொண்டுவிடுவதால், அந்த நாற்றத்தைத் தேடிப் போகிறவர் பையையோ உட்பூச்சுள்ள கலத்தையோ நாட வேண்டியிருக்கிறது. பாதரசத்துக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் வேறு வேறு குழல்கள் உண்டு.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது கரிக்குழல்தான். விரல் நீளமே உள்ள கண்ணாடிக் குழல். இருமுனையும் உருக்கி மூடியது. உள்ளே தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரி, முன்னறையில் 100 மில்லிகிராம், பின்னறையில் 50 மில்லிகிராம். நம் காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகச் சுட்டு அனுப்பப்படும் அதே சிரட்டைக்கரியின் இனம், இங்கே நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சாட்சியாகிறது. முனைகளை ஒடித்து, பம்போடு இணைத்து, கண்ணாடிக் குழாயினுள் ஒரு சோப்புக் குமிழி ஏறும் நேரத்தைக் கணக்கிட்டுக் காற்றோட்டத்தின் வேகத்தை அவர் சரிபார்த்த சிரத்தையைக் கண்டு நான் வியந்தேன். முன்னறை நிறைந்து நச்சு பின்னறைக்குத் தாவி, அங்கே இருப்பது முன்னறையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் அந்த முடிவை நம்பலாகாது. கடற்கரையின் ஈரக்காற்று கரியின் கொள்திறனைக் குறைப்பதால், இங்கே அந்த அபாயம் அதிகம்.

"எதைத் தேடுறோம்னு தெரியாம ஒரு குழலையும் ஒடிக்க மாட்டேன்" என்றார் அவர்.

மண்ணுக்குள் தங்கும் ஆவியைப் பிடிப்பது இன்னும் நுட்பமானது. 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து கிணற்று நீரைக் கெடுத்ததே, அத்தகைய இடங்களில் அது அவசியம். இரும்புக் குழாயைத் தரையில் இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, மேற்காற்று உள்ளே கசியவில்லை என்று ஹீலியம் கொண்டு நிச்சயித்த பிறகே மெதுவாக உறிஞ்ச வேண்டும். மழையில் ஊறிய மண்ணிலிருந்து ஆவி வராது, நீர்தான் வரும்.

இவ்வளவு ஞானமும் யாருக்குப் பயன்படுகிறது என்று விசாரித்தபோது என் நெஞ்சு கொதித்தது. ஆலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே நிற்கும் ஒப்பந்தக்காரர், குறைந்த தொகைக்கு வேலையை எடுத்து, எஃகுக் கலம் வேண்டிய இடத்துக்குப் பழைய பையை அனுப்புகிறார். பையை வெயிலில் கிடத்திவிட்டு ஒரு வாரம் கழித்துச் சோதிக்கிறார். முகமூடிகூட வாங்கித் தராமல் நச்சுக்கு நடுவே நிற்பவருக்குத் தினக்கூலி கொடுக்கிறார். முடிவில் "கண்டறியப்படவில்லை" என்ற ஒரு சொல் அச்சாகிறது. காற்றில் பென்சீன் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று 2009-இல் தேசிய அளவுகோல் வகுத்தோம். பிடிக்கத் தெரியாத கலத்தைக் கொண்டு அளந்தால் அந்த அளவுகோல் யாரைக் காக்கும்? நச்சு இல்லாமை வேறு, நச்சைப் பிடிக்காமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்பது வியாபாரமன்று, பாதகம்.

ஆகையால், உங்கள் ஊர்க் காற்றையோ மண்ணையோ சோதித்த அறிக்கை கைக்கு வந்தால், எண்ணைப் பார்க்குமுன் எந்தக் கலத்தில், எவ்வளவு நேரம், என்ன வேகத்தில் பிடித்தார்கள், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். கரிக்குழலானால் பின்னறையின் கணக்கையும், காற்றை இழுக்காமல் உடன் எடுத்துச் சென்ற வெற்றுக் குழலின் கணக்கையும் கேளுங்கள். இவற்றைச் சொல்லாத அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.