சூப்பர் பசுவும் நடு ராத்திரிப் பாட்டும்

அன்புள்ள சுந்தரிக்கு,

கடிதமும் மாவடுவும் சேர்ந்தே வந்தன, சேர்ந்தே என்றால் நிஜமாகவே சேர்ந்து, பாட்டில் மூடி கசிந்து உன் முத்து முத்தான எழுத்தில் பாதி உப்புத் தண்ணீரில் ஊறிப்போய்! மிச்சத்தைப் படித்ததில் உன் பிள்ளையைப் பற்றிய கவலைதான் பெரிதாகத் தெரிந்தது. ராத்திரி கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறான், காதலா இல்லை கிறுக்கா, நீதான் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவளாயிற்றே, விசாரித்துச் சொல்லடி என்று கேட்டிருந்தாய்.

இரண்டும் இல்லை, தைரியமாக இரு. அவன் லினக்ஸ் போட்டிருக்கிறான் என்று நீ எழுதிய ஒரு வார்த்தையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதில் புதிதாக எந்தப் புரோகிராமை இறக்குவதென்றாலும் ‘ஆப்ட்’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, டெபியன், உபுண்டு என்கிற லினக்ஸ் வகைகளிலெல்லாம் அதுதான். அதன் உதவிக் குறிப்பை வரவழைத்துப் பார்த்தால், கர்மசிரத்தையாக ஏதேதோ விளக்கிவிட்டுக் கடைசி வரியில் ‘இந்த ஆப்டுக்கு சூப்பர் பசு சக்தி உண்டு’ என்று போட்டிருக்கும். அது என்னடா சக்தி என்று ‘ஆப்ட் மூ’ என்று அடித்தால், கோடும் புள்ளியுமாக வரைந்த ஒரு பசு வந்து நின்று, இன்றைக்கு நீ ‘மூ’ என்று கத்தினாயா என்று கேட்கும். அவ்வளவுதான். வேறு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இதற்கே முகத்தைச் சுளிக்காதே, இதன் உறவுக்காரன் இன்னொருத்தன் இருக்கிறான், ‘ஆப்டிட்யூட்’ என்று பெயர். அவன் தன் உதவிக் குறிப்பில், எனக்குப் பசு சக்தியெல்லாம் இல்லை என்று முதலிலேயே கை விரித்துவிடுவான். இருந்தாலும் விடாமல் ‘மூ’ என்று கேட்டால், இந்தப் புரோகிராமில் ஒளித்துவைத்த வேடிக்கை எதுவும் இல்லை என்பான். கமாண்டோடு ஒரு ‘வி’ எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், நிஜமாகவே இல்லை என்பான். இரண்டு ‘வி’ போட்டால், முன்னமே சொன்னேனே, காது கேட்கவில்லையா என்கிற தினுசில் சலித்துக்கொள்வான். மூன்று போட்டால், நிறுத்து! நான்கு போட்டால், சரி சரி, ஒன்று கொடுத்துத் தொலைத்தால் போய்விடுவாயா? ஐந்தாவதுக்குத் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, நடுவில் மேடு தூக்கிய தொப்பி மாதிரி ஒரு கோட்டுப் படத்தை வரைந்து காட்டுவான். இது என்ன என்று இன்னொரு ‘வி’ போட்டுக் கேட்டால்தான், பாம்பு விழுங்கிய யானை, இதுகூடத் தெரியாதா என்று பதில் வரும். ‘குட்டி இளவரசன்’ படித்தவளாயிற்றே நீ, உனக்குச் சொல்லவே வேண்டாம். யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து, ஏழாவது தடவையும் விடாமல் கேட்கப்போகிற, முகம் தெரியாத ஒரு பிடிவாதக்காரனுக்காக இதை எழுதி வைத்திருக்கிறார் பார், எனக்கு அதுதான் பிடித்துப்போகிறது. உன் பிள்ளை அந்த ஏழாவது தடவை கேட்கிற ஜாதிதான், சின்ன வயசில் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லி அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது.

இந்த டெபியனை 1993-இல் ஆரம்பித்தவர் இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து அந்தப் பெயரை உண்டாக்கினார். அதன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துக் கதாபாத்திரங்களின் பெயர், ஏனென்றால் அப்படிப் பெயர் வைக்க ஆரம்பித்த சமயம் அதை நடத்திய புரூஸ் பெரன்ஸ் அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில்தான் வேலை பார்த்தார். எப்போது உடையும் என்று சொல்ல முடியாத நிலையற்ற பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக ‘சிட்’ என்று பெயர், படத்தில் பொம்மைகளையெல்லாம் பிய்த்துப் போடுவானே பக்கத்து வீட்டுப் பையன், அவனேதான். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ‘கிட்’ என்று இன்னொன்று எழுதினார், இன்று உலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தங்கள் வேலையைச் சேமிக்கிறார்கள். ஆங்கிலேயர் பேச்சில் அந்தப் பெயருக்குத் திமிர் பிடித்த முட்டாள் என்று அர்த்தமாம். நான் அகம்பாவி, எதற்கும் என் பெயரையே வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது இது என்று அவரே சொல்லிக்கொண்டார். கம்பெனியில் இப்படி ஒரு பெயரைச் சொல்லிப் பார், மீட்டிங் மேல் மீட்டிங் போட்டு, கடைசியில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வைத்துவிட்டு கேக் வெட்டுவார்கள். பலர் சம்பளம் வாங்காமல் செய்கிற இடத்தில் வேண்டாம் என்று சொல்ல மேனேஜர் ஏது? எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற கூலியே அந்தச் சிரிப்புதான் என்று வைத்துக்கொள்ளேன்.

ஆனால் எனக்கு ஒரு பழைய மனஸ்தாபம் உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. இவர்கள் வேடிக்கையில் பாதிக்குமேல் பிரிட்டிஷ் டெலிவிஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் புரியும். பைத்தான் மொழிக்குப் பெயர் மலைப்பாம்பை வைத்து வந்ததில்லை, அதை உண்டாக்கிய கைடோ வான் ரோசம் ‘மான்ட்டி பைத்தான்’ என்ற நகைச்சுவைக் கூட்டத்தின் ரசிகர். அதனால் கற்றுக்கொடுக்கிற உதாரணங்களிலெல்லாம் ‘ஸ்பாம்’, ‘எக்ஸ்’ என்று வரும், நான் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்து முழித்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் அவர்கள் நாடகத்தில் வருகிற ஓட்டல் மெனு! ‘விம்’ என்று எழுத்துப்பணிக்கு ஒரு புரோகிராம், அதில் ‘நி!’ என்று அடித்தால் உனக்குப் புதர்ச்செடி வேண்டுமா என்று கேட்கிறது. அதுவும் அந்தக் கூட்டத்தின் சினிமாவில் வருவதுதானாம். பாளையங்கோட்டையில் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படியடி தெரியும்? நம் கவுண்டமணி செந்தில் வாழைப்பழத்தை எவனாவது உள்ளே வைத்திருந்தால் அவர்கள் முழிப்பார்கள், நாம் சிரித்திருப்போம். ஆனாலும் அந்த விம்மின் மேல் கோபப்பட முடியவில்லை. திறந்ததும் முதல் பக்கத்தில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். பிராம் மோலனார் என்ற நெதர்லாந்துக்காரர் எழுதியது, புரோகிராமுக்குக் காசு வேண்டாம், முடிந்தால் அங்கே கொடு என்பார். 2023-இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த வரி இன்னும் இருக்கிறது.

பைத்தானில் எனக்குப் புரிந்து, நான் வாய்விட்டுச் சிரித்தது ஒன்று உண்டு. மற்ற பல மொழிகளில் ஒரு பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று நெளிந்த அடைப்புக்குறி போடுவார்கள், பைத்தானில் அது கிடையாது, வரியைத் தள்ளி எழுதினால் போதும். எங்களுக்கும் அடைப்புக்குறி கொடுங்கள் என்று நச்சரிக்கிறவர்களுக்காகவே உள்ளே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வருங்காலத்தில் வரப்போகிற வசதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குகிற முறைப்படி அடைப்புக்குறியைக் கேட்டால், பிழைச் செய்தி வருகிற இடத்தில், அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று பொட்டில் அடித்தாற்போல் வரும்.

ஜப்பான்காரர் டொயோடா மசாஷி செய்தது இன்னும் தமாஷ். ஃபைல்களின் பட்டியலைப் பார்க்க ‘எல்எஸ்’ என்று அடிக்கவேண்டும், அவசரத்தில் விரல் மாறி ‘எஸ்எல்’ என்று விழுந்துவிடும் இல்லையா, அவர் புரோகிராமை இறக்கி வைத்திருந்தால் அப்போது ஒரு நீராவி ரயில் புகை கக்கிக்கொண்டு ஸ்கிரீனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். சட்டென்று நிறுத்தவும் விடாது, ரயில் போகிறவரை லெவல் கிராஸிங்கில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

இதெல்லாம் தேடிப் போகிறவனுக்கோ, தானாக வேண்டும் என்று இறக்கி வைத்துக்கொண்டவனுக்கோ மட்டும் தெரிகிற வேடிக்கை. தேடாதவன் தலையில் விழும்போதுதான் வம்பு. இதைக் கேள். ‘மேன்’ என்று ஒரு கமாண்ட், மற்ற கமாண்டுகளின் கையேட்டைக் காட்டுவது அதன் வேலை. அதைப் பராமரிக்கிற கோலின் வாட்சன், 2011-இல், நண்பர் ஒருவர் விளையாட்டாகச் சொன்ன யோசனையைக் கேட்டு, ராத்திரி சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு இன்ன கையேடு என்று சொல்லாமல் அதைக் கூப்பிட்டால் ‘கிம்மி கிம்மி கிம்மி’ என்று பதில் வருகிற மாதிரி எழுதிவிட்டார். ஸ்வீடனின் ‘அப்பா’ குழு 1979-இல் பாடிய பாட்டின் தலைப்பு அது, நள்ளிரவுக்குப் பிறகு எனக்கொரு ஆண்பிள்ளை வேண்டும் என்று ஒரு பெண் பாடுவது. ‘மேன்’ என்றால் அங்கே கையேடு, இங்கே ஆண்பிள்ளை, அவ்வளவுதான் ஜோக். ஆறு வருஷம் அது பாட்டுக்குக் கிடந்தது. 2017-இல் யாரோ ஒருவருடைய தானியங்கிச் சோதனை, ராத்திரி பன்னிரண்டரைக்கு ஓடினால் மட்டும் தோற்கிறது, மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அந்த மனிதர் எப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதே மாதிரி ராத்திரியில் மட்டும் இடறுகிற சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். காரணத்தைக் கண்டுபிடித்துக் கேட்டதும் வாட்சன் ஆமாம், நான்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு அதை எடுத்துவிட்டார். ஒருத்தரும் சண்டை போடவில்லை.

சண்டை வந்தது 2018 கிறிஸ்துமஸுக்கு. சீனாவில் எழுதப்பட்ட ‘ஆன்ட் டிசைன்’ என்கிற ஒன்றை எடுத்து எத்தனையோ கம்பெனிகள் தங்கள் வலைப்பக்கங்களின் பட்டன், பெட்டி எல்லாம் செய்துகொண்டிருந்தன. டிசம்பர் 25 விடிந்ததும் அந்தப் பட்டன்கள் மேலெல்லாம் பனி படிந்து கிடக்கிறது, மவுஸை மேலே வைத்தால் ‘ஹோ ஹோ ஹோ’ என்கிறது! சில மாதங்களுக்கு முன்னாலேயே யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸோடு சம்பந்தமே இல்லாத அலுவலகத்தில், பெரிய அதிகாரி முன்னால், இது ஏனப்பா இப்படி என்று கேட்டால் பாவம் அந்த ஊழியன் என்ன சொல்வான்? கூச்சலும் வசவுமாகி, கடைசியில் எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். அவரவர் கொல்லையில் ஊஞ்சல் கட்டி ஆடுவது வேறு, அடுத்த வீட்டு வாசலில் போய்ச் சரவெடி கொளுத்துவது வேறு, இல்லையா? எனக்கு அந்த ஊழியர் பக்கம்தான் மனசு சாய்கிறது, பனி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மனசு கசந்து முடிக்க வேண்டாம், எனக்கு ரொம்பப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1990 ஏப்ரல் 1-ஆம் தேதி டேவிட் வெய்ட்ஸ்மன் என்பவர், இன்டர்நெட்டின் விதிமுறைகள் வெளியாகிற அதே ஆவண வரிசையில், அதே விறைப்பான நடையில், தகவலைப் புறா மூலம் அனுப்புவது எப்படி என்று ஒன்று எழுதி வெளியிட்டார். முட்டாள்கள் தினத்து விளையாட்டு என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, 2001 ஏப்ரலில், நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் ரசிகர்கள் நிஜமாகவே புறாக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தகவலைத் தாளில் அச்சடித்து, சுருட்டிப் புறாவின் காலில் கட்டி விடுவது, போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்து, ஸ்கேன் செய்து, மறுபடி கம்ப்யூட்டருக்குள் ஏற்றிப் பதில் அனுப்புவது. ஒன்பது பொட்டலம் அனுப்பினார்கள், நாலுக்குப் பதில் வந்தது. சாதாரணமாகக் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடுகிற பதில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதை ஒரு தப்பும் இல்லாமல், சர்வர் அறிக்கை கொடுக்கிற அதே முறையில், 55 சதவீதம் தொலைந்தது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இதை ஆபீஸில் சொன்னேன், பக்கத்து சீட்டுப் பையன் எங்கள் ஆபீஸ் வைஃபையைவிட இது தேவலாம் என்றான்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். அது சரி, உன் நாத்தனார் பெண்ணுக்குப் பார்த்த அந்த சங்கரன்கோவில் வரன் என்ன ஆயிற்று? மூச்சே விடவில்லையே நீ. நகைக்கு ஏதோ பேசினார்கள் என்று இங்கே வேறு ஒருத்தி வாயிலாகக் காதில் விழுந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

என்றும் உன்,
லலிதா