ஏழாம் மாதத்து விருந்து

நம் நாட்டில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வரும் கேள்வி ‘நலமா?’ என்பதன்று, ‘பசியாறியாச்சா?’ என்பதுதான். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் தட்டு வந்துவிடும். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி நுழைந்தால் அந்தக் கேள்வியும் கிடையாது. தட்டு மட்டும் வரும்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் என் அக்காளும் அத்தானும் கோலாலம்பூரிலிருந்து பேராக்குக்கு வந்தார்கள். அக்காளுக்கு ஏழாம் மாதத் தொடக்கம். வளைகாப்புக்குச் சொந்தபந்தங்களை நேரில் போய் அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அழைத்தால் பெரியம்மா அடுத்த மூன்று தீபாவளிக்கு நம் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். ஆகவே நான்கு நாள், பதினொரு வீடு. காரோட்டும் பொறுப்பு எனக்கு.

கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு இடிஎஸ் இரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். 1917இல் கட்டி முடித்த அந்த வெள்ளை நிலையத்தின் முன் நின்று, கிள்ளான்காரரான அத்தான் ஆசை ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்காள் காருக்குள் ஏறியதும் கைப்பையிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்து விரல் நுனியில் குத்தினாள். “ஏழு புள்ளி ஒன்று” என்று கண்ணாடி வழியே அவரிடம் சொன்னாள். எனக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான்.

இருபத்தாறாவது வாரத்தில் சுகாதார கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பகால நீரிழிவு. நம் இந்தியப் பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்று தாதி சொன்னாராம். வெறும் வயிற்றில் 5.3, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 7.8, இவற்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சாப்பாட்டிலேயே எண்களை அடக்கிக் காட்ட இரண்டு வாரத் தவணை. முடியாவிட்டால் இன்சுலின். அந்த இரண்டு வாரத்தின் நடுவில்தான் இந்த விருந்துப் பயணம்.

“பெரியம்மாகிட்ட சொல்லிட்டா முடிஞ்சதே” என்றேன்.

“யார்கிட்டயும் சொல்லக்கூடாது” என்றாள் அக்காள். குரலே மாறியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் கையோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். அன்னாசி சாப்பிட்டாயா? மோட்டார் சைக்கிளில் ஏறினாயா? இரவு வேலை பார்த்தாயா? எதையும் செய்யாதவள் எதற்கென்று பதில் சொல்வாள்? இப்போது ‘சீனி’ என்று ஒரு வார்த்தை விட்டால் அந்தக் கேள்விகள் எல்லாம் திரும்பி வரும் என்ற பயம்.

முதல் வீடு புந்தோங்கில். அங்கே முறுக்கும் கடலையும் வறுத்து விற்றே பேர் வாங்கிய ‘கம்போங் காச்சாங் பூத்தே’ இருக்கிறது. காற்றிலேயே எண்ணெய் மணக்கும். பெரியம்மா இடியப்பம், தேங்காய்ப்பால், கேசரி, முறுக்கு, போதாததற்குப் பால் கலந்த கோப்பி என்று மேசையை நிரப்பி வைத்திருந்தார். “ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்று சொல்லியபடியே அவர் அடுக்களைக்குத் திரும்பும்போதெல்லாம் அக்காளின் கேசரி அத்தான் தட்டுக்கு இடம் மாறும். திரும்பி வந்து காலியான தட்டைப் பார்த்து, “பாத்தியா, புள்ள நல்லா சாப்பிடுறா” என்று இன்னொரு கரண்டி வைப்பார். அன்று மூன்று வீடு. மாலையில் அத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பின்னிருக்கையில் சாய்ந்துவிட்டார். இத்தனைக்குப் பிறகும் கருவி 9.2 காட்டியது.

இரண்டாம் நாளின் மற்ற வீடுகளை விட்டுவிடுகிறேன், அதே கதைதான். அன்றிரவு அத்தானின் பல்கலைக்கழக நண்பர், ஈப்போச் சீனர், எங்களைத் தவ்கே கோழி சாப்பிட அழைத்துப் போனார். ஈப்போத் தவ்கே குட்டையாய்க் கொழுத்து இருப்பதற்குச் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். கர்ப்பிணிகள் பச்சைத் தவ்கே தின்னக்கூடாது. இங்கோ கொதிநீரில் வாட்டித்தான் தருகிறார்கள். நண்பரின் மனைவி அக்காளைப் பார்த்து மலாயில் கேட்டது ஒன்றே ஒன்று: “சோறு வேண்டுமா, வேண்டாமா?” வேண்டாம் என்றதும் சோற்றுத் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கோழியும் தவ்கேயும் மட்டும். 6.6. சொந்தமில்லாதவர்கள் வீட்டு விருந்து எவ்வளவு சுலபம் என்று அத்தான் சொன்னதற்கு அக்காள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேரம். அதற்கும் அப்பால் இருக்கும் கோலகங்சாரில்தான், 1877இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அப்பாவின் சின்னம்மா, எங்கள் சின்னப்பாட்டி, வாழ்நாளெல்லாம் பால் சீவிய தோட்டத்திலோ இப்போது ஒரு ரப்பர் மரமும் இல்லை. எல்லாம் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோவிலும், அதன் பக்கத்தில் ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுத் திட்டும் மிச்சம். பாட்டி பட்டணத்து ஓரத்தில் சிறிய வீட்டில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. சுவரில் துன் சம்பந்தனின் படம். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தாராம். அந்தத் தாளைப் பாட்டி இன்னும் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.

பாட்டி வீட்டில் கேசரி இல்லை. முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய், கொஞ்சம் சோறு. பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து அக்காளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா புள்ள, சீனி எத்தன இருக்கு?”

அக்காள் விழித்தாள்.

“வெரலப் பாத்தா தெரியலியா? எனக்குந்தான் இருக்கு.” பாட்டி தன் விரல்களை நீட்டினார். நுனியெங்கும் கறுப்புப் புள்ளிகள். எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். ஊறுகாய் போத்தலுக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா. “பத்து வருசமா குத்திக்கிறேன். தொப்புளுக்குத் தள்ளிக் குத்தணும். வலிக்காது. இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுகிட்டு வந்த?”

பிறகு பாட்டி தாமாகவே பேசினார். ஆறு பிள்ளைகள் பெற்றவர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மரம் மரமாக நடந்தவர். “நாலாவது கித்தாக் காட்டுலதான் பொறந்துச்சு. பால் வாளி மரத்தடியிலேயே நின்னுச்சு. அன்னைக்கு எனக்கு அரைப் பேருதான் போட்டாரு கிராணி.” இதைச் சொல்லி அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. (2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கும் 7 நாள் என்று அத்தான் சொன்னபோது, “ஆம்பளைக்கு எதுக்கு?” என்று கேட்டார் பாட்டி.)

“ரெண்டு தங்கல” என்றார் கடைசியில். “ஏன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்பேன்? ஒனக்கும் ஒன்னு போச்சுன்னு தெரியும். நான் அப்ப வரல. வந்தா எதையாச்சும் கேட்டுவெப்பேன்னுதான் வரல.”

அக்காள் எழுந்து கை கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி அவள் தட்டில் மிஞ்சிய கருவாட்டை எடுத்துத் தாம் சாப்பிட ஆரம்பித்தார்.

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் தாயி” என்று வாசல்வரை வந்து சொன்னார். நாங்கள் ஈப்போ வந்து சேர்வதற்குள் பெரியம்மா தொலைபேசியில் அழைத்துவிட்டார். எந்த எண், எந்த வேளை என்று எல்லாம் தெரிந்திருந்தது. எதையாவது கேட்பார் என்று அக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “நாளைக்குக் கேப்பைத் தோசை ஊத்துறேன், வா” என்றதோடு சரி. கேப்பையும் மாவுச்சத்துதான், ஐந்து தோசை தின்றால் அதுவும் ஏறும். ஆனால் பெரியம்மாவிடம் அதை யார் சொல்வது? அக்காள் ஒன்றரைத் தோசையோடு எழுந்தாள். முதல் முறையாக யாரும் தடுக்கவில்லை.

கடைசி நாள் தம்பூனில் பம்பளிமாஸ் வாங்கினோம். வழியிலேயே அத்தான் ஒன்றை உரித்தார். அக்காளுக்கு இரண்டு சுளை, மிச்சமெல்லாம் அவருக்கு. நான்கு நாளில் அவர் எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

தவணை முடிந்து போனபோது காலை எண் மட்டும் இறங்கவில்லை. இரவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஊசியன்று அத்தான் கை நடுங்க, அக்காள் கைப்பேசியைக் காணொளியில் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். மறுமுனையில் பாட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, “அங்க இல்ல, இன்னும் தள்ளி” என்றார்.