மஞ்சளழகி வந்த பிறகு

நைட் ஷிஃப்ட் முடிந்து பாயான் லெப்பாஸில் கம்பெனி பஸ் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம் வீடு வந்து சேர ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் சாண்டில்யனின் 'கடல் புறா' இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்தேன். பக்கத்து சீட்டில் வருகிற தோழி 'அயர்ன் ஃப்ளேம்' படித்துக்கொண்டிருந்தாள். டிராகன், காதல், சண்டை. "முதல் புக் மாதிரி இல்லடி"ன்னு ஒரு நாள் சலித்துக்கொண்டாள். எனக்கும் அதே வியாதி என்றேன்.

முதல் பாகத்தை நான் படித்ததே காஞ்சனாதேவிக்காக. கடாரத்து இளவரசி. கடாரம் என்றால் கெடா. வானம் தெளிவாக இருந்தால் பினாங்கு பாலத்தில் போகும்போதே குனோங் ஜெராய் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த இடத்திலிருந்து வாள் பிடிக்கத் தெரிந்த ஒருத்தி வருகிறாள் என்றதும் நம்ம ஊர்ப் பெண் என்று ஒரு சொந்தம். கலிங்கத்துப்பரணி பாடும் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானே அவளிடம் மயங்குகிறான், சும்மாவா?

இரண்டாம் பாகத்தில் கதை சுமத்திராவின் அட்சயமுனைக்குப் போய்விடுகிறது. மஞ்சளழகி வருகிறாள். காஞ்சனா பின்னால் போய்விடுகிறாள்.

மஞ்சளழகியைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். பிடித்திருக்கிறது, அதுதான் பிரச்சினை. புத்திசாலி, யாரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவள். வர்ணனைகளைத் தாண்டித் தாண்டிப் படித்தேன் (மனிதர் இடுப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறார்), ஆனால் அவள் பேசுகிற இடங்களைத் தாண்டவில்லை. கடல் புறா என்கிற கப்பல் உருவாவதும் இந்தப் பாகத்தில்தான். எஞ்சினியர் மூளைக்கு அது விருந்து. ஆனால் ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் காஞ்சனா என்ன ஆனாள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் இருவருமே அவனுக்கு மனைவிகள் என்பது தெரிந்த கதை. அதை அவனுடைய பெருந்தன்மை போல எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது.

புத்தகங்கள் பாட்டியுடையவை. முதல் பாகம் பைண்டிங் பிரிந்து, மஞ்சள் கறை படிந்து கிடக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் புதுசு மாதிரி. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அடுத்ததுல என்ன வருதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. பாட்டி மூடி வச்சிட்டாங்க."

எங்கள் வீட்டில் 'கூலிம் வீடு' என்று ஒன்று உண்டு. சின்ன வயதில் அது ஏதோ சொந்தக்காரர் வீடு என்று நினைத்திருந்தேன். தாத்தா மாதத்தில் பாதி நாள் அங்கே இருப்பார். அந்தப் பாட்டியைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசுவார், என் தலையைத் தடவிக் கொடுப்பார். எனக்கு அவரையும் பிடிக்கும். அதை எங்கள் பாட்டியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ரெண்டாவது எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"கப்பல் வர்ற இடமெல்லாம் நல்லாருக்கும்மா."

"அப்ப கப்பல மட்டும் படி," என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மூன்றாம் பாகம் இன்னும் பையில்தான் இருக்கிறது.