குன்ஸும் கணவாய்க்கு முன் ஒரு சக்கரம்

ஓடைகள் குறுக்கிடும் ஸ்பிதி பாதையில் வண்டிகளின் தலைவிதியைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, பேரிங்.

காஸா கடைத்தெருவின் கோடியில், தகரக் கூரையும் டீசல் வாடையுமாக ஒரு கொட்டகை. வாசலில் கழற்றிப் போட்ட டயர்கள். உள்ளே தார்ப்பாய் மேல் மல்லாந்து கிடக்கிறார் மண்டி மாவட்டத்திலிருந்து வந்த மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் 'மிஸ்திரிஜி'தான்.

ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுபவர்கள் கீ மடாலயத்தையும் சந்திரதால் ஏரியையும் விடுவதில்லை. ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி மறுபடி ஓடுவதற்குக் காரணமான இந்தக் கொட்டகை எந்தக் கையேட்டிலும் இல்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், மணாலியிலிருந்து ஒரு முழுப் பகல் பயணத் தொலைவில், சின்ன உதிரி பாகமும் பெரிய விஷயம்தான்.

செப்டம்பர் கடைசி வாரம். லோசர் கிராமத்து டிரைவர் ஒருவர் தன் டாடா சுமோவுடன் வந்து நிற்கிறார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கம் விமானம் மாதிரி இரைகிறதாம். மறுநாள் குன்ஸும் கணவாயைக் கடந்து மணாலிக்கு சவாரி. பயணிகளில் ஒருவர் அவருடைய அத்தை. குலு ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, அதைத் தவறவிட்டால் பனி விழுந்து கணவாய் மூடிவிடக்கூடும். பிறகு கின்னௌர், ராம்பூர் என்று சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

மிஸ்திரி உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. ஸ்டியரிங்கில் டிரைவரை உட்காரவைத்துத் தான் பக்கத்தில் ஏறிக்கொள்கிறார். ரங்ரிக் பக்கம் தார்ச்சாலை சற்று நீளமாகக் கிடைக்கும். வேகம் பிடித்ததும் கியரை நியூட்ரலில் போடச் சொல்கிறார். எஞ்சின் சத்தம் தணிகிறது, இரைச்சல் தணியவில்லை. ஆக, எஞ்சினோ கியர்பாக்ஸோ அல்ல. அடுத்தது வளைவு. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடுகிறது, இடப்பக்கம் திரும்பினால் குறைகிறது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல்தான் சாயும். டயர் சத்தம் பெரும்பாலும் இப்படி வளைவுக்கு வளைவு மாறாது.

கொட்டகைக்குத் திரும்பியதும் பின் சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் வைக்கிறார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் 'டக், டக்' என்று லூஸ் தெரிகிறது. இங்கேதான் அவசரக்காரர்கள் ஏமாறுவார்கள். பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். டிரைவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுகிறார். ஆட்டம் நின்றுவிட்டது. பேரிங்தான் குற்றவாளி.

"கிரீஸைப் போட்டு நட்டை இறுக்கிக் கொடுங்க, மிஸ்திரிஜி. போய்ட்டு வந்து மாத்திக்கிறேன்."

"முதல்ல திறந்து பார்ப்போம், பேட்டா."

சக்கரம் கழல்கிறது. பிரேக் காலிபரைக் கழற்றி, ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுகிறார். மூடி, காட்டர் பின், நட், வாஷர். பிறகு ஹப் அப்படியே கையோடு வருகிறது. உள்ளே இருக்கவேண்டியது தேன் நிறத்துக் கிரீஸ். இருப்பதோ பால் கலந்த காபி. தண்ணீர்!

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது ஸ்பிதி டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோத்தங் கணவாய் ஏறும் சிரமத்தைத் தீர்த்தது. ஆனால் அதைத் தாண்டி கிராம்புவிலிருந்து பாதல் வரை சுமார் 50 கிலோமீட்டர், சந்திரா நதியை ஒட்டிப் பாறையும் ஓடையுமான பாதை. பனியாறு உருகி வரும் நீர் காலையில் கணுக்கால் அளவு என்றால், வெயில் ஏறிய பிற்பகலில் பம்பரைத் தொடும். பள்ளமும் பிரேக்குமாக ஓடிச் சூடேறிய ஹப், திடீரென்று பனி நீரில் முங்குகிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த கிரீஸ் உருளைகளைக் காப்பதில்லை. முதலில் துரு, பிறகு குழி, அதன் பிறகு இரைச்சல்.

டீசலில் கழுவியதும் உள் பேரிங்கின் உருளைகளில் கரும்புள்ளிகள். ஹப்புக்குள் பதிந்த வளையத்தில், இவர்கள் கப் என்பதில், நகம் தடுக்குமளவுக்கு உரிந்திருக்கிறது. டிரைவரின் விரலையே பிடித்து அதன்மேல் தேய்த்துக் காட்டுகிறார். இதை இறுக்கினால் சூடு இன்னும் கூடும், கிரீஸ் உருகி ஓடும், உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு நொறுங்கும். பிறகு சக்கரம் இறுகி நிற்கலாம், கழன்றும் போகலாம். குன்ஸும் 4,500 மீட்டருக்கும் மேலே.

டிரைவர் பேசவில்லை.

கொட்டகையில் வெளி பேரிங் இருக்கிறது. பெரியதான உள் பேரிங்கும் சீலும் இல்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கோன் ஒன்று கிடக்கிறது, மிஸ்திரி அதைத் தொடவில்லை. கப்பும் கோனும் ஜோடியாகத்தான் மாறவேண்டும். ஒன்று பழசென்றால் புதுசையும் அது தின்றுவிடும். பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணை மணாலிக் கடைக்கு போனில் வாசிக்கிறார். பெட்டி பிரிக்காததாக இருக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொல்கிறார். போலிப் பெட்டிகள் மலை ஏறியும் வருகின்றன.

அத்தையை? பேசி முடித்து மறுநாள் விடியலில் இன்னொரு சுமோவில் ஏற்றுகிறார்கள். நடு சீட்டு அவருக்கு. மற்ற பயணிகளின் பணத்தை டிரைவர் திருப்பிக் கொடுத்தார், முகம் சுருங்கத்தான்.

மறுநாள் மாலை குலுவிலிருந்து வந்த அரசு பஸ்ஸின் டிரைவர் சீட்டுக்கடியிலிருந்து பார்சல் வருகிறது. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் பின்னாலிருந்து தட்டி எடுத்து, புதியதைச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குகிறார். அடி வரை உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தமே மாறுகிறது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை திணிக்கிறார். மாவு பிசையும் பக்குவம். மேலே பூசினால் போதாது, உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையவேண்டும். சீல் புதியது, காட்டர் பின்னும் புதியது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் முறுக்கி நிறுத்துகிறார். ஆட்டம் இல்லை, இறுக்கமும் இல்லை.

பேரிங்கைத் தனியே கழற்றிக் கழுவும் இந்த வசதி இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் கிடையாது. அவற்றில் சீல் வைத்த பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்றவேண்டும். அந்த பிரஸ் இந்தக் கொட்டகையில் இல்லை. ஆல்டோக்காரர்கள் நக்கிளோடு கழற்றி பஸ்ஸில் மணாலிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

இருட்டுவதற்குள் ரங்ரிக் வரை மறுபடி ஓட்டம். இரைச்சல் இல்லை. இறங்கி, ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார் மிஸ்திரி. வெதுவெதுப்புதான்.

"மணாலி போனதும் நட்டை ஒரு தடவை பார்க்கச் சொல்லு. ஓடையைக் காலையிலேயே தாண்டிடு."

"அஞ்சு மணிக்கே கிளம்பறேன். அத்தைக்குக் கட்டுப் பிரிக்கிற நாளாவது கூட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பழைய பேரிங்கைக் கந்தல் துணியில் சுற்றி டாஷ்போர்டில் வைக்கிறார் டிரைவர்.