அன்ரிகனியும் நீராவியடியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாற்றுப் பக்கம் போனால் எனக்கு சோபொக்கிளிசின் ‘அன்ரிகனி’ நினைவுக்கு வரும். கி.மு. 5ஆம் நூற்றாண்டு நாடகம். துரோகி என்று சொல்லி ஒருவனின் பிணத்தை அடக்கக்கூடாதென அரசன் கிரேயோன் கட்டளை போடுகிறான். தங்கை அன்ரிகனி போய் அண்ணன்மேல் மண் தூவுகிறாள். பிடிபட்டதும் மறுக்கவில்லை: “ஓம், நான்தான்.”

2019 செப்டம்பர் 23. நாயாற்றிலுள்ள நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவிலிருந்த விகாரையின் பிக்கு காலமாகியிருந்தார். கோயிலடியில் எரிக்கவேண்டாம், வேறிடத்தில் எரியுங்கள் என்றது முல்லைத்தீவு நீதிமன்றம். ஆனால் பிக்குவின் தரப்பார் கோயிலின் தீர்த்தக் கேணிக்குப் பக்கத்திலேயே சிதை மூட்டினார்கள். பொலிஸ் நின்றது, தடுக்கவில்லை. சட்டத்தரணி ஒருவருக்கு அடியும் விழுந்தது. மறுநாள் முல்லைத்தீவில் சனம் திரண்டு ஊர்வலம் போனது.

அன்ரிகனியும் கட்டளையை மீறினவள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவள் தனியே போனாள், வந்த தண்டனையைத் தானே சுமந்தாள். அவள் செய்த கிரியையால் இன்னொருவரின் கும்பிடுமிடம் கெடவில்லை. அதிகாரத்தின் காவலோடு கட்டளையை மீறுவதற்குப் பெயர் தியாகமில்லை.

பிக்குவுக்கு மரியாதையான இறுதிக்கிரியை வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இதே மாவட்டத்தில், போரில் இறந்த புலிகளைப் புதைத்த துயிலுமில்லக் கல்லறைகளை இடித்தபோது, பிள்ளைக்கு விளக்கேற்றவந்த தாய்மாரை மறித்தபோது, செத்தவர் மரியாதை எங்கே போனது? கிரேயோனும் அன்ரிகனியின் இறந்துபோன இரண்டு அண்ணன்மாரில் ஒருவனைத்தான் மரியாதையோடு அடக்கினான். நாடகத்தைப் படியுங்கள், மெல்லிய புத்தகம்தான்.