அம்மம்மாவுக்கு ஒண்டுமில்லையாம்

எங்கட குடும்பத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பேருக்குப் பாரிசவாதம் வந்தது. வெள்ளவத்தையில் பெரியப்பாவுக்கு, கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவுக்கு. பெரியப்பா இப்ப காலி வீதிக்குத் தனியாக நடந்துபோய் பேப்பர் வாங்கி வாறார். அம்மம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுக்க ஓராள் வேணும்.

இரண்டும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு வந்ததுதான். பெரியப்பாவுக்கு 62 வயது, அம்மம்மாவுக்கு 78. "வயசு வித்தியாசம் இருக்குத்தானே" என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மை. ஆனால் வயது மட்டும் காரணமில்லை.

பெரியப்பாவின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவியபோது பெரியம்மா முன்னால் இருந்தா. வாய் கோணுவதைக் கண்ட உடனே 1990க்கு அடித்தா. அம்மம்மாவுக்குக் கை மரத்தபோது வீட்டில் ஒருத்தரும் இல்லை. திருவின தேங்காயை மூடி வைத்துவிட்டுப் படுத்திட்டா. மாமா போன் எடுத்தபோது "ஒண்டுமில்ல மகன், வெயில் களைப்பு" என்றா. பின்னேரம் பக்கத்து டிஸ்பென்சரியில் கேஸ்டிரிக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். பேச்சுக் குழறியது இரவில்தான் எங்களுக்கு விளங்கியது.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு நேரக் கணக்கு இருக்கு. 1995இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை, 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பலன் என்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன.

பெண்களுக்குப் பாரிசவாதம் பெரும்பாலும் கூடின வயதில், தனிய இருக்கிற காலத்தில் வருகிறது. வாய் கோணல், கை பலவீனத்தோடு தலையிடி, களைப்பு, குழப்பம் என்றும் சொல்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது "பிரஷர்" அல்லது "யோசினை". 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவில் பாரிசவாதம் கண்டுபிடிக்கப்படாமல் போகும் வாய்ப்பு பெண்களுக்கு 33 வீதம் அதிகமாக இருந்தது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. 2005இல் சில பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கரைக்கும் மருந்து கிடைக்காத பெண்கள், அதே நிலையில் இருந்த ஆண்களைவிட மோசமாகவே மீண்டார்கள். மருந்து கிடைத்தவர்களிடம் அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை. அப்ப "பொம்பிளையளுக்கு உடம்பு தாங்காது" என்ற கதை எங்கே நிற்குது?

வெள்ளவத்தை ஃபிளட்டுகளைப் பாருங்கோ. பிள்ளைகள் டொரொண்டோவில், லண்டனில். கணவர் காலமாகி, பூட்டின கதவுக்குப் பின்னால் ஒரு அம்மா. அவவின் வாய் கோணினால் காண்பது யார்? தப்பி வந்தாலும் பிறகு பயிற்சி இருக்கு. பெரியப்பாவுக்குத் தினமும் கைப்பயிற்சி செய்விக்கப் பெரியம்மா இருந்தா. மற்ற எல்லாரையும் பார்த்த அம்மம்மாவைப் பார்க்க, நாங்கள் நாள் பிரித்து அட்டவணை போடவேண்டி வந்தது. விரிவுரை, எசைன்மென்ட், இடையில் பஸ்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் இலவசம். நேரத்தைக் குறித்து வையுங்கோ. மருத்துவர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நல்லாக இருந்தா என்பதுதான். உங்கட வீட்டில் ஒரு அம்மம்மா "ஒண்டுமில்ல" என்று சொன்னால் அதோடு விடவேண்டாம். சிரிக்கச் சொல்லுங்கோ, இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கோ, ஒரு வசனம் பேசச் சொல்லுங்கோ. ஒரு நிமிடம் போதும்.