பசிபிக்கில் ஒரு பாய்மரம் – 7: நீலம் என்றால் பட்டினி

காலபாகோஸை விட்டுக் கிளம்பிய புதிதில் கடல் பச்சையோடிக் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. பார்க்கும் பக்கமெல்லாம் உயிர். கடற்சிங்கம் ஒன்று படகோடு வெகுதூரம் நீந்தி வந்து, அலுத்துப்போய்த் திரும்பியது. பசிபிக்கின் அடியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் அந்தத் தீவுகளின் மேற்குச் சரிவில் முட்டிக்கொண்டு மேலே எழும்புகிறது. ஆழத்துச் சத்தும் குளிர்ச்சியும் அதோடு மேலே வருகின்றன. நிலநடுக்கோட்டில் பெங்குவின் பிழைப்பது அந்தக் குளிர்ந்த தண்ணீரின் தயவில்தான்.

மேற்கே போகப்போகத் தண்ணீர் தெளிந்தது. பிறகு அந்த நீலம் வந்தது. புகைப்படத்தில் பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் குறைந்துபோன தண்ணீர்தான் இப்படிப் பளிங்காக இருக்கும். தின்னக் கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை.

நாங்கள் போய்ச் சேர வேண்டிய, மார்க்கெசாஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஹிவா ஓவா தீவு, காலபாகோஸிலிருந்து சுமார் 3,000 கடல் மைல் தள்ளி இருக்கிறது. படகில் நாங்கள் மூன்று பேர்: பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரரான கேப்டன், அவர் மனைவி, நான். கடல் உயிர்களைத் தேடிப் போகும் பயணம் என்று சென்னையில் நண்பர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. இந்த வெட்டவெளியில் நிழல் என்றோ, உட்கார இடம் என்றோ, ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் என்றோ ஏதாவது உண்டென்றால் அது எங்கள் படகுதான். வந்தவர்கள் எல்லாம் அதற்காகத்தான் வந்தார்கள், எங்களுக்காக அல்ல.

முதலில் வந்தது சிவப்புக்கால் பூபி என்ற கடற்பறவை. பொழுது சாயும் நேரம், படகின் முன்மூக்குக் கம்பியில் இறங்கப் பார்த்தது. விரல்களுக்கு நடுவே சவ்வு உள்ள கால், வழவழப்பான எவர்சில்வர் கம்பியைப் பிடிக்க முடியாமல் வழுக்கியது. சிறகை அடித்து விழப் பார்த்து, சமாளித்து உட்கார்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். பழுப்பு உடம்பு, வெளிர்நீல அலகு, அலகின் அடியில் இளஞ்சிவப்பு. மூக்குத்துவாரம் வெளியே தெரியாது. தலைகீழாகக் கடலில் பாய்கிற பறவைக்குத் தண்ணீர் ஏறிவிடக்கூடாது என்று அடைத்தே வைத்திருக்கிறது இயற்கை. மூச்செல்லாம் வாயோரமாகத்தான்.

சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி முதல் பறவை கத்தி, கொத்தி விரட்டியது. வந்தது விடவில்லை, பின்பக்கம் சோலார் பேனலில் போய் உட்கார்ந்துகொண்டது. விடிந்து பார்த்தால் பேனல் முழுக்க வெள்ளை எச்சம், பேட்டரி ஏறவே இல்லை. மீன் செரித்த அந்த நாற்றத்தை எழுதி விளக்க முடியாது. கேப்டன் மனைவி வாளியும் பிரஷுமாகத் தேய்த்தபடி, பறவைக்கு மரியாதையான பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

பூபியின் சாப்பாடு கோலா மீன். எங்களுக்கும்தான். இரவில் பறக்கும் கோலாக்கள் படகில் மோதித் தளத்தில் விழும். காலையில் பொறுக்கி எடுப்பது என் வேலை. பகலில் அவை பறப்பதைப் பார்க்க அலுக்கவே இல்லை. வாலின் கீழ்நுனியால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே வேகம் பிடித்து, விரித்த துடுப்பில் அலைமேல் வழுக்கிப் போகும். ஜப்பான் கடலோரத்தில் ஒன்று 45 நொடி காற்றில் இருந்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கோலாவுக்கென்றே ஒரு சீசன் உண்டு. மிதக்கும் தழையைத் தேடி முட்டையிட வரும் மீன் என்பதால், தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டுப் பிடிப்பார்கள். நடுக்கடலில் எதுவோ ஒன்று மிதந்தால் போதும், அதைச் சுற்றி ஒரு ஊர் கூடிவிடும் என்பதை நம் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1947-இல் கான்-டிக்கி கட்டுமரத்தில் பெருவிலிருந்து ராரோயா பவளத்தீவு வரை 101 நாள் மிதந்த தோர் ஹெயர்டாலின் கூட்டத்துக்கும் காலைச் சாப்பாடு தளத்தில் விழுந்த கோலாதான்.

கணவாயும் விழும். அதை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் மை காய்ந்து படகின் வெள்ளைத் தளத்தில் கறையாக நின்றுவிடும்.

கோலாவைத் துரத்தி வருவது மாஹி-மாஹி மீன். படகின் நிழலிலேயே நாள்கணக்கில் கூட வந்தது ஒரு சிறு கூட்டம். போலிக் கணவாய் மாட்டிய தூண்டிலில் ஒன்று சிக்கியது. துள்ளுகிற மீனை அடித்துக் கொல்லாமல் செவுளில் மலிவு ரம்மை ஊற்றினார் கேப்டன். படகுக்காரர்களின் வழக்கம் அது. சட்டென்று அடங்கியது. அதன்பின் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பொன்னிறமாக ஏறிய உடம்பில் பச்சை ஓடியது, நீலப் புள்ளிகள் மின்னி மறைந்தன, வெளிறி, கடைசியில் சாம்பல். நிறத்தை நரம்பு ஆள்கிறது. நரம்பு ஓய்ந்ததும் நிறமும் போய்விடுகிறது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி தூண்டில் போடலாமா என்று கேப்டன் கேட்டபோது நான் அவசரமாகப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

திமிங்கலம் வந்தது ஒரு மத்தியானம். முன்னால், கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து எழுந்தது நீர்மூச்சு. அப்படிச் சாய்ந்து ஊதினால் ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூச்சுத்துளை தலையின் இடது முனையில் இருக்கிறது. மரத்துண்டு மாதிரி அசையாமல் மிதந்தது. நான் கேமராவைத் தேடினேன், கேப்டன் இன்ஜினை முடுக்கினார். பாயில் ஓடும் படகு சத்தமே போடாது. தூங்குகிற திமிங்கலத்துக்கு நாம் வருவது தெரிய வேண்டுமே.

அவருக்கு வரலாறு தெரியும். 1820 நவம்பரில் இதே பசிபிக்கில்தான் எசெக்ஸ் என்ற வேட்டைக் கப்பலை ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் முட்டி மூழ்கடித்தது. தப்பியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் மார்க்கெசாஸ் தீவுகளும் உண்டு, நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே தீவுகள். அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து தென் அமெரிக்காவை நோக்கிப் படகைத் திருப்பினார்கள். வழியில் பசி தாளாமல், இறந்த தோழர்களைத் தின்றார்கள். இந்தச் சம்பவத்திலிருந்து மோபி டிக் நாவலை எழுதிய மெல்வில், 1842-இல் தானே ஒரு வேட்டைக் கப்பலிலிருந்து நழுவி மார்க்கெசாஸின் நுகு ஹிவாவில் இறங்கி ஓடியவர்.

இன்னும் நெருங்கிய கதை 1972 ஜூனில் நடந்தது. காலபாகோஸுக்கு மேற்கே ராபர்ட்சன் குடும்பத்தின் லூசெட் படகை ஓர்கா எனப்படும் கொலைத்திமிங்கலங்கள் முட்டி உடைத்தன. ஆறு பேர், கடலில் 38 நாள். கடைசிவரை அவர்களைக் காப்பாற்றியது ஆமை இறைச்சி, ஆமை ரத்தம், தானாக வந்து விழுந்த கோலா, நிழலுக்கு வந்த மாஹி-மாஹி. படகை எடுத்துக்கொண்டதும் கடல்தான், சோறு போட்டதும் கடல்தான். ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது.

எங்கள் திமிங்கலம் இன்ஜின் சத்தத்துக்கு எந்தப் பதற்றமும் காட்டவில்லை. முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, இறங்கிப் போனது. அது ஒரு மணி நேரம்கூட உள்ளேயே இருக்கும். அதற்குள் நாங்கள் ஆறேழு மைல் தாண்டிவிடுவோம். என் கேமராவில் இருப்பது தண்ணீர் மட்டும்.

இத்தனை விருந்தாளிகளில் டிக்கெட் இல்லாமல் கடைசிவரை வந்தவை சிப்பி போன்ற ஓடும் நீண்ட காம்பும் கொண்ட உயிரிகள். கொட்டலசு இனம். காலபாகோஸில் முக்குளிப்பவர்களை இறக்கி எங்கள் படகின் அடியைச் சோதித்தார்கள். ஏதாவது ஒட்டியிருந்தால் வெளிக்கடலுக்குத் திருப்பி அனுப்பிச் சுரண்டிவிட்டு வரச் சொல்வார்கள். எங்கள் அடி கண்ணாடியாக இருந்தது. மார்க்கெசாஸை நெருங்கும்போது அதே படகின் பின்புறத்தில், தண்ணீர்க் கோட்டுக்கு மேலேகூட, விரல் நீளக் காம்புகள் கொத்துக்கொத்தாக ஆடின. கத்தியால் ஒரு கொத்தைப் பெயர்த்தேன். உள்ளே நகத்தளவு நண்டு ஒன்று குடியிருந்தது. வேகம் அரை நாட் குறைந்திருப்பதாகக் கேப்டன் புலம்பினார்.

ஹிவா ஓவாவின் தஹாவுகு விரிகுடாவில் நங்கூரம் போட்டதும் முகமூடியும் சுரண்டியுமாக இறங்கத் தயாரானேன். பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கையை ஆட்டித் தடுத்தார். ஆற்றுத் தண்ணீர் கலந்து கலங்கிக் கிடக்கும் இடம், கொம்பன் சுறாக்கள் சுற்றும், இங்கே யாரும் குளிப்பதுகூட இல்லை என்றார். ஃபாத்து ஹிவாவில் தண்ணீர் தெளிவாக இருக்குமாம். அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சுரண்டியை உள்ளே போட்டுவிட்டு, அதுவோனா கடைத்தெருவுக்கு ரொட்டி வாங்க நடந்தோம்.

(தொடரும்)